மணவூரில் சொல்லக்கூடாத சொல்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு பங்காரு ஒரு தாம்பாளத்தில் கட்டிச் சூடத்தை ஏற்றி, புருஷன் முன்னால் வைத்தாள். அதை அணைத்து, தணிகை முருகன்மேல் சத்தியம் செய்தால்தான் இட்லி என்றாள்.

சத்தியத்தின் வாசகத்தையும் அவளே சொன்னாள். மணவூரில் பெண் வீட்டுப் படி ஏறினதிலிருந்து இறங்குகிறவரைக்கும் 'அந்தக் காலத்துல' என்ற சொல் ஆறுமுகத்தின் வாயிலிருந்து வரக்கூடாது.

ஆறுமுகம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்தார். சூடம் அணைந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சூடமா இது? சூடே இல்ல. அந்தக் காலத்துல சூடம் அணைச்சா மூணு நாளைக்குக் கொப்புளம் இருக்கும்."

பங்காரு இன்னொரு கட்டியைக் கொளுத்தினாள். சத்தியம் மணவூருக்குத்தானே, இது திருத்தணிதானே என்று ஆறுமுகம் நியாயம் கேட்டார். எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு வந்த கரும்பு வண்டியெல்லாம் அவர் முன்னால் நின்றுதான் போகும். எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் கறாரான மனிதர். ரிட்டயர் ஆன பிறகு எடை போடக் கரும்பு இல்லை. உலகத்தை எடை போட ஆரம்பித்தார். எதை வைத்தாலும் எடை குறைந்தது. தீக்குச்சி, குடை, சோப்பு, வெயில். கொசுகூட அந்தக் காலத்தில் நேர்மையாகக் கடிக்கும், கடித்தால் கடித்த இடம் தெரியும் என்பார். சர்க்கரையே முன்னெல்லாம் இன்னும் இனிப்பாக இருந்தது என்பார். சர்க்கரை ஆலைக்காரர் சொன்னால் யாரால் மறுக்க முடியும்?

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் மகன் தணிகைமணிக்குக் கவலை இல்லை. ஆனால் அவனுக்குப் பார்த்த இரண்டு இடம் இதனாலேயே போயிருந்தது. அரக்கோணத்துப் பெண் வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஆணி நிற்காது, அந்தக் காலத்துச் சுவரில் ஆணிதான் வளையும் என்றார். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிபுகுந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. திருவள்ளூரில் தலைக்கு மேலே சுற்றின ஃபேனைப் பார்த்து, இப்போதைய ஃபேனில் சத்தம்தான் வருகிறது, காற்று வருவதில்லை என்றார். பெண்ணின் அப்பாவுக்குத் தொழிலே ஃபேன் விற்பது.

தணிகைமணிக்கு முப்பத்துமூன்று வயது. தனியார் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லேபைப் பார்த்துக்கொள்கிறான். மனைவி புவனா மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த இரண்டு இடமும் கைவிட்டுப் போனபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மணவூர் அப்படியில்லை. பத்து நாள் முன்னால் அந்தப் பெண் ஷோபனாவே அவனுக்குப் போன் செய்தாள். அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அவளுடைய முதல் கல்யாணம் பதினோரு மாதத்தில் கோர்ட்டில் போய் முடிந்திருந்தது. நிஜமாகவே இஷ்டப்பட்டுத்தான் பெண் பார்க்க வருகிறீர்களா, இல்லை வீட்டில் தள்ளிவிட்டார்களா என்று கேட்டாள். தள்ளித்தான் விட்டார்கள் என்றான். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. வரிசையில் நிற்கிற ஆளை மறந்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு அவனுக்கு இந்த இடம் வேண்டும். வேண்டும் என்று தோன்றுவதே வேலை செய்யாத விரல் திடீரென்று அசைந்த மாதிரி இருந்தது. சூடம் வாங்கிவந்ததே அவன்தான்.

ரயிலில் ஆறுமுகம் நேரத்தை வீணாக்கவில்லை. திருத்தணியில் ஏறியதும் சீட்டில் தொடங்கினார். ஜன்னல், கொய்யாப்பழம், வேர்க்கடலைப் பொட்டலம் மடிக்கிற விதம், கைக்குழந்தைகள் அழுகிற தொனி என்று இருப்பதையெல்லாம் அள்ளி இறைத்துக்கொண்டே வந்தார். திருவாலங்காடு வந்தபோது வேகத்தைக் கூட்டினார். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று தெரிந்தவன் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்புகிற மாதிரி இருந்தது. மணவூர் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது, அந்தக் காலத்துப் பிளாட்பாரம் இவ்வளவு உயரம் கிடையாது என்று கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடினார்.

பெண்ணின் அப்பா வேதாசலம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அம்மா இல்லை. அவரும் மகளும்தான் வீட்டில். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, அவருக்குப் புதியது எதைக் கண்டாலும் ஆனந்தம்.

"அந்தக் காலத்துல இன்னாங்க இருந்துச்சு?" என்று உட்காருவதற்குள் ஆரம்பித்தார். "கூரை ஒழுகும், விளக்கு அணையும். இப்போ பட்டனைத் தட்டுனா தண்ணி வருது."

தணிகைமணி அப்பாவைப் பார்த்தான். ஆறுமுகம் புன்னகையோடு தலையை ஆட்டினார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எவ்வளவு லேசு பாருங்கள், ஒரு விரலில் தூக்கலாம் என்றார் வேதாசலம். ஆறுமுகம் உட்கார்ந்ததும் அதன் கால்கள் நான்கும் நான்கு திசைக்குப் போகப் பார்த்தன. அவர் வாய் திறக்கவில்லை. மைசூர்பாகு வந்தது. கடையில் மெஷினில் வெட்டினது, எல்லாம் ஒரே அளவு என்றார் வேதாசலம். ஆறுமுகம் அதைக் கடித்து, நெடுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். சர்க்கரை பற்றிய கருத்து முழுவதையும் அதோடு சேர்த்து விழுங்கினது தொண்டையில் தெரிந்தது. பங்காரு மகனுடைய முழங்கையைத் தொட்டு, பரவாயில்லையே என்பது போலப் பார்த்தாள்.

அப்புறம் காகித டம்ளரில் காப்பி வந்தது. கழுவுகிற வேலையே இல்லை, குடித்தோமா போட்டோமா என்று வேதாசலம் ஒரு டம்ளரை உயர்த்திக் காட்டினார். ஆறுமுகம் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரின் விளிம்பு ஊறி உதட்டில் ஒட்டியது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருக்க, தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

அவர்கள் வீட்டில் தெலுங்கு என்பது ஒரு கதவு. பங்காரு ஆந்திராவில் நகரிப் பக்கத்துக்காரி. தணிகைமணி சின்னப் பையனாக இருந்தபோது, அவனுக்குத் தெரியக்கூடாத எதையும் அம்மாவும் அப்பாவும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். ஐந்து வயதிலேயே அவனுக்கு அத்தனையும் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. முறுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. எனவே தெலுங்கில் பேசினால் யாருக்கும் கேட்காது என்பது ஆறுமுகத்தின் முப்பது வருஷ நம்பிக்கை. தமிழில் சத்தியம், தெலுங்கில் விடுதலை.

'ஆ ரோஜுல்லோ' என்று தொடங்கினார். அந்தக் காலத்தில் என்பதற்கு அதுதான் தெலுங்கு. நாற்காலி, மைசூர்பாகு, டம்ளர் எல்லாம் வரிசையாக வந்தன. 'ஆ ரோஜுல்லோ' ஒன்பது தடவையோ பத்துத் தடவையோ வந்தது. குரல் அவ்வளவு இதமாக இருந்ததால் சுவாமி பாட்டு பாடுகிறாரோ என்றுகூட யாரும் நினைக்கலாம். முடிவில் பெருமூச்சு விட்டு, காப்பி என்றால் நம் புவனா கையால் குடித்ததுதான் காப்பி, அந்தக் கை இனி எங்கே கிடைக்கும் என்றார்.

பஜ்ஜித் தட்டோடு ஷோபனா வந்து அவர் முன்னால் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தட்டை வைத்தாள். கவுன்ட்டரில் பாக்கிச் சில்லறை கொடுக்கிற நிதானத்தோடு, சுத்தமான தெலுங்கில் சொன்னாள்.

"அந்தக் காப்பி எங்க அப்பா போட்டது. நான் போட்டா இதைவிட மோசமா இருக்கும். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

பிறகு வேதாசலமும் தெலுங்கில், தான் குடும்பத்தோடு ஆந்திராவில் கூடூர் பக்கம் பன்னிரண்டு வருஷம் இருந்து வேலை பார்த்ததாக, வருத்தப்படுகிற குரலில் தெரிவித்தார். பங்காரு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு புருஷனிடம் சீறினாள்.

"தணிகை மலைக்கு வர்றவங்க பாதிப் பேரு ஆந்திராக்காரங்க. முருகனுக்குத் தெலுங்கு தெரியாதுன்னு நெனச்சியா நீ?"

ஆறுமுகம் காகித டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புகுந்து ஒளிந்துகொள்ள முடிந்தால் புகுந்திருப்பார்.

தணிகைமணி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். முடிந்தது என்று நினைத்தான். அப்போது ஷோபனா, ஐந்து நிமிஷம் மாடிக்கு வர முடியுமா என்று அவனைக் கேட்டாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும்தான் இருந்தன. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது முடிகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு அவள் பேசினாள்.

"உங்க அப்பா பேசுனது எனக்கு ஒண்ணும் இல்ல. கவுன்ட்டர்ல தினமும் இதைவிடக் கேட்டுகினு இருக்கேன். நான் இன்னா செஞ்சாலும் நீங்க புவனாவோட வச்சுப் பார்ப்பீங்களா?"

"நைனா பார்ப்பாரு."

"நான் நைனாவைக் கேக்கல."

மாட்டேன் என்று சொன்னால் போதும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் போனில் உண்மையைச் சொன்னதற்குத்தான் அவள் சிரித்தாள்.

"பார்ப்பேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றான். "இப்போ நைனா சொன்னப்போ யோசிச்சுப் பார்த்தேன். அவ போடற காப்பி எப்படி இருக்கும்னே எனக்கு ஞாபகம் வரல. மறந்துபோச்சு."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வாய் நிற்கவில்லை.

"நைனாவுக்கும் ஞாபகம் இல்ல. அவ இருந்தப்போ அந்தக் காப்பியைக் கழனித்தண்ணின்னாரு. அவ மூஞ்சிக்கு நேரா."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள் அரிசி கழுவுன தண்ணியைச் சுட வச்சு, டிகாக்ஷன் ஊத்தி, சர்க்கரை போட்டுக் குடுத்தா. ஒரு டம்ளர் முழுசா. நைனா குடிச்சுட்டு, இன்னிக்குப் பரவால்லன்னாரு."

ஷோபனா துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சத்தமே வரவில்லை, தோள்தான் குலுங்கியது. பிறகு வந்த சத்தத்தில் தொட்டி மேலே உட்கார்ந்திருந்த இரண்டு காக்கை பறந்தன. அவனுக்கும் எங்கிருந்தோ கிளம்பியது. நிறுத்தலாம் என்று மூச்சைப் பிடித்தான், விக்கல் வந்தது. அந்த விக்கலைப் பார்த்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கதையில் இந்தக் கஷ்டமே இல்லை என்றாள். தன்னுடைய பழசு அவ்வளவு மோசம், அதோடு வைத்துப் பார்த்தால் யார் வந்தாலும் தேறிவிடுவார்கள், அவன் விக்கல் எடுத்துக்கொண்டே நின்றால்கூடப் போதும்.

இருவரும் இறங்கி வந்தபோது கூடத்தில் தெலுங்குச் சண்டை உச்சத்தில் இருந்தது. ஆறுமுகம் பித்தளைச் சொம்புக்காக வாதாட, வேதாசலம் காகித டம்ளருக்காக நாற்காலியைவிட்டே எழுந்து நின்றார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். பங்காரு மட்டும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோபனா ஆறுமுகத்தின் எதிரில் வந்து நின்றாள். இந்தத் தடவை தமிழில் பேசினாள்.

"வர்ற வியாழக்கிழமையும் எனக்கு வீக் ஆஃப். நானும் அப்பாவும் வீடு பார்க்க வர்றோம் மாமா. காப்பி நான் போடறேன். எப்படி இருக்குதுன்னு எங்கிட்டயே சொல்லுங்க."

'மாமா' என்ற சொல் பங்காருவின் காதில் முதலில் விழுந்தது. அவள் எழுந்து தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள். ஆறுமுகம், ஆங், ஆங், வாம்மா என்றார்.

மணவூர் பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது தணிகைமணிக்குச் சிரிப்பும் விக்கலும் மறுபடி பிடித்துக்கொண்டன. பங்காரு அவன் முதுகில் தட்டினாள். மாடியில் அப்படி என்ன சிரிப்பு, என்னிடமும் சொல்லேன் என்று ஆறுமுகம் கேட்டார். சொல்ல வாயெடுத்தான். நைனா என்று மட்டும் வந்தது, மிச்சத்தை விக்கல் கொண்டுபோனது. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை ஆரம்பித்தான்.

திருவாலங்காடு தாண்டியும் 'நைனா' என்ற முதல் வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தான்.