கை இறங்கும் வரை

மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா இரண்டு விரல்களை நீட்டி, கிரேன் ஆபரேட்டரின் முகத்துக்கு நேரே இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினார். ஆபரேட்டர் அப்படியே உறைந்துபோனார். வலது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

“விரலைக் கண்ணால தொடர்ந்துக்கிட்டே இருக்கணும் சார். ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீங்கதானே மேடம் நிறுத்தச் சொன்னீங்க?”

அந்த அம்மா முழித்தார். ஆபரேட்டர்தான் விளக்க வேண்டியிருந்தது. கிரேன் கேபினில் இருப்பவருக்குக் கீழே யார் என்ன கத்தினாலும் கேட்காது. சிக்னல்காரரின் கைதான் கண், காது, எஜமான் எல்லாம். அந்தக் கை பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் ஆடினால் ‘நிறுத்து’ என்று பொருள். உலகத்தில் எத்தனையோ வைத்தியம் இருக்க, மனசில் சிக்கிய கெட்ட நினைவை ஆற்ற இந்த மனிதருக்கு வாய்த்த வைத்தியம் கையை ஆட்டுவதாகவா இருக்க வேண்டும்!

அதுவும் சும்மா ஒரு கை இல்லை. அவர் கடைசியாகப் பார்த்த சிக்னல், மச்சானுடைய கை. மனைவியின் தம்பி. ஆள் உயரமாக இருந்ததால் இருவரும் வேலை பார்த்த யார்டில் எல்லோரும் ‘கம்பம்’ என்றே கூப்பிடுவார்கள். இரும்புத் தகடுக் கட்டு ஒன்று மேலே போகும்போது லேசாகச் சாய்ந்தது. கம்பம் கையை ஆட்டினான். பிறகு கம்பிக்கயிறு அறுந்தது, கட்டு விழுந்தது, கம்பம் இல்லாமல் போனான். கயிறுதான் பழசு, ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். சொன்னால் மனசு கேட்டுவிடுமா? அவன் ஆட்டியபோது நாம் உடனே நிறுத்தினோமா, ஒரு கணம் அசந்துவிட்டோமா என்பது அவருக்கு நினைவில்லை. நினைவு அந்த ஆடும் கையோடு நின்றுவிடும். அதற்குமேல் ஒன்றும் இல்லை, மறுபடி முதலிலிருந்து.

மனைவி அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போதாக்குறைக்குப் பாப்பா வேறு. தினமும் காலையில் பள்ளி வேன் ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவாள், வேன் தெருமுனையில் திரும்பும் வரை. அவரோ செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெற்ற மகளின் கையைக்கூடப் பார்க்க முடியாத பிழைப்பு என்ன பிழைப்பு என்றுதான் இங்கே வந்து உட்கார்ந்தார்.

“கை வேண்டாம்னா முட்டியில மாத்தி மாத்தித் தட்டலாம். வெளிச்சம் ஓடுற கம்பி ஒண்ணு இருக்கு, அதையும் பார்க்கலாம்,” என்றார் கவுன்சிலர் அம்மா.

ஆபரேட்டர் யோசித்தார். “கையே இருக்கட்டும் மேடம். அதுக்குப் பயந்துதானே ஓடிட்டு இருக்கேன்.”

அன்று சாய்ந்த தகடுக் கட்டை மனசில் வைத்துக்கொண்டு விரலோடு கண்ணை ஓட்டினார். முதலில் கண்கள் மக்கர் பண்ணின, நடுவில் நடுவில் நின்றன. கொஞ்ச நேரம் போனதும் விரல் நிற்கும். அந்த அம்மா மூச்சு விடச் சொல்வார். “இப்ப என்ன வருது?” என்பார். கை வருது. மறுபடி விரல். இப்ப? கைதான். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். இப்படியே சில வாரம் போயிற்று.

ஒரு நாள் விரல் நின்றதும் ஆபரேட்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன வருது?”

“கைய எறக்கிட்டான்.”

“யாரு?”

“கம்பம். ஆட்டுனான். அப்புறம் கைய எறக்கிட்டு, கட்டுக்கிட்ட போனான், என்னன்னு பாக்க.” குரல் உடைந்தது. “சுமை நிக்காம அவன் எறக்கமாட்டான் மேடம். சாமியே வந்து சொன்னாலும் எறக்கமாட்டான். நான் நிறுத்தியிருக்கேன்.”

மேசை மேல் தலையை வைத்து அழுதார். அந்த அம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “இது நடந்ததை நிரூபிக்கிற மெஷின் இல்ல சார். ஞாபகத்துக்கு நான் கேரண்டி தர முடியாது,” என்றார்.

“தெரியும் மேடம். ஆனா அந்தக் கை இப்ப ஆடல.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பீடிகை எதுவும் போடாமல் சொன்னார்: “அவன் கைய எறக்கிட்டுத்தான் போனான்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை நழுவியது. சிக்னல்காரனோடு பிறந்தவள், அவளுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

“என்னைக்காவது நீங்களே சொல்வீங்கன்னுதாங்க இருந்தேன்,” என்றாள். “கேட்டா நீங்க இன்னும் ஒடைஞ்சு போயிருப்பீங்க.” அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

“பாப்பா ஏன் வேன் திரும்பற வரைக்கும் கைய ஆட்டுது, தெரியுமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “என் தம்பி சொல்லிக் குடுத்தது. ஆபரேட்டர் கவனிக்கிற வரைக்கும் சிக்னல்காரன் கைய எறக்கக் கூடாதாம். மாமனுக்கேத்த மருமக.”

மறுநாள் காலை வேன் கிளம்பியது. ஜன்னலில் அந்தச் சின்னக் கை ஆடியது. ஆபரேட்டரின் கண் வழக்கம்போலக் கீழே இறங்கப் பார்த்தது. ஆனாலும் செருப்பைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, பார்த்து, தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

தெருமுனைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. பாப்பா கையை இறக்கினாள்.