பூவம்மா என்ற பெயருக்கு ஒரு கோடி

1

இப்போதெல்லாம் எவனும் நேரில் வந்து சண்டை போடுவதில்லை. ஈமெயிலில் போடுகிறான். திருப்பித் திட்ட ஒரு முகம்கூடக் கிடைப்பதில்லை.

இந்தக் கதை வந்ததும் அப்படித்தான். என் மருமகள் ஜெயக்கொடி காசிமேட்டுக் கருவாட்டை இன்டர்நெட்டில் விற்கிறாள். வெப்சைட்டுக்குச் செத்துப்போன அவள் அம்மாவின் பெயர், பூவம்மா. அது எங்கள் டிரேட்மார்க், வெப்சைட் பெயரை ஒப்படை என்று, இந்த மாதிரிப் பெயர்த் தகராறுக்கு ஈமெயிலிலேயே தீர்ப்பு சொல்லும் இடத்தில் ஒரு மசாலா கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது.

"நடந்தத எழுதிக் குடு மாமா. பதில் அனுப்பணும்" என்றாள். ஐந்தாவதோடு நின்றவன் நான். பதிலாக வரவில்லை, கதையாக வருகிறது.

2

வங்கக் கடலின் அலைகள் ஆர்ப்பரிக்க, அன்று

(விட்டுவிட்டேன். கருவாட்டு வழக்கில் அலைக்கு என்ன வேலை?)

கம்பெனி ஆள் ஜெயக்கொடியிடம் போனில் நயமாகக் கேட்டான். "அந்தப் பெயரைக் கொடுக்க என்ன எதிர்பார்க்கிறீங்க மேடம்?"

"ஒரு கோடி வையி. எடுத்துகினு போ."

(வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏலத்தில், பிடிக்காதவன் மீன் கேட்டால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். வியாபார நேரத்தில் அந்தச் சொல் வாயில் வரக்கூடாது. எட்டாத விலை சொல்வோம். அவனும் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவான்.)

இவன் நகரவில்லை. பேச்சைப் பதிவு செய்துவிட்டான். 'எங்களிடமே விற்றுக் காசு பார்க்கத்தான் பெயரைப் பிடித்து வைத்திருக்கிறாள்' என்று புகாரில் சேர்த்துவிட்டான். இந்த மாதிரி வழக்கில் அதுதான் பெரிய குற்றமாம்.

3

ஜெயக்கொடியை அழ வைத்து எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா மாமா, என்ன மூக்கு சிந்த வுட்டுகீற?"

"அழுதா தீர்ப்பு சொல்றவன் எரக்கப்படுவாம்மே."

"எரக்கம் யாருக்கு வோணும்? எங்கம்மா பேரு வோணும். அது ராயபுரம் பூரா கூடைய தூக்கினு கூவி சேத்த பேரு."

அழுகையை எடுத்துவிட்டேன். இதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

4

முடிவு ஒன்று: தீர்ப்பு சொல்பவர் எங்கள் ஏலத்துக்கு வந்து, விலை கேட்டு, புரிந்துகொள்கிறார். (எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. இவராவது, வருவதாவது.)

முடிவு இரண்டு: பெயர் போகிறது. ஜெயக்கொடி புதுப் பெயர்

(கை வரவில்லை.)

"முடிவு எதுக்கு? இப்டியே அனுப்பலாம்" என்றாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் போனில் ஏற்றினாள்.

"நம்புவாங்களா மாமா?"

"மாட்டானுங்க."

அவள் அனுப்பிவிட்டாள். இந்த வாலை மட்டும் பின்னால் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கும் தீர்ப்பு சொல்பவரே, முடிவு இனி உம்முடையது. நீர் சரியாக எழுதுவீர் என்ற நம்பிக்கை எனக்கில்லை. டீ குடிக்கப் போகிறேன்.