எந்தக் கேள்விக்குத் தலையாட்டினாள்?

சிறுவர் நலச் சங்கத்தில் தம்பிராஜா செய்த முதல் நற்காரியத்தின் பலனாக, மலாக்காவின் காஜா பெராங்கில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி மாமரத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் தலையைக் குறி பார்த்து மாங்காய் எறிந்தாள். குறி நன்றாகவே இருந்தது. கீழே அவள் தாய் பொன்னம்மா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மலாயில் அலறினாள்.

"தாய் சம்மதிச்சாச்சுன்னீங்களே சார்," என்றார் பிள்ளையை ஏற்றிப்போகச் சங்கத்து வேனை ஓட்டி வந்த நல்லையா. "இது சம்மதம்னா, கோவம் எப்படி இருக்கும்?"

புருஷன் போன பிறகு வீடு வீடாகத் துணி துவைக்கப் போகிறவள் பொன்னம்மா. பிள்ளையைச் சங்கத்து விடுதியில் விடுவதன் நன்மைகளை முந்தின நாள்தான் தம்பிராஜா அவளுக்கு நெடுநேரம் எடுத்துச் சொல்லியிருந்தான். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு, பெயரோ பொன்னம்மா. தமிழில் பேசாமல் வேறெதில் பேசுவது? தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய்தான் புழங்கும் என்று பேராக் ரப்பர் தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் வரிக்கு வரி தலையாட்டினாள். முடிவில் கைகூப்பினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவனுக்குக் கண்கூடக் கலங்கியது.

வேனை வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டு, சங்க அலுவலகத்தில் ருக்மணியின் அறைக்கு ஓடினான். புதியவர்களின் வேலையைக் கவனித்துத் துணை நிற்பது அவள் பொறுப்பு. அவனைவிட இளையவள், சிங்கப்பூரில் படித்தவள். ஒரே குறை, அவளிடம் கேள்வி கேட்டால் கேள்விதான் திரும்பி வரும்.

"மிஸ், நான் இந்த வேலைக்கு லாயக்கா, இல்லையா? இல்லன்னா தோட்டத்துக்கே போயி கணக்கெழுதுற கிராணி வேலை பாக்குறேன். ரப்பர் மரம் என்மேல எதையும் எறியாது."

"உட்காருங்களேன்."

உட்கார்ந்தான். எழுந்தான். சன்னலைத் திறந்தான். மூடினான்.

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"மாங்கா பட்ட எடம் வலிக்குது."

அவள் சிரித்துவிட்டுத் தன் காப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ஒரு மடக்குக் குடித்தான்.

"பயமா இருக்கு மிஸ். சாயங்காலம் சங்கத்துக் கமிட்டி கூடுது. தாய்க்குச் சம்மதம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். வேற ஆளை அனுப்பிப் பிள்ளையை இழுத்துட்டு வந்துட்டாங்கன்னா?"

"அந்தம்மா தலையாட்டினாங்களே, எந்தக் கேள்விக்கு?"

தம்பிராஜா தன் பேச்சை மனத்துக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டினான். அதில் படிப்பு இருந்தது, பால் இருந்தது, போன வருஷம் நாட்டுக்குக் கிடைத்த மெர்டேக்கா சுதந்திரம்கூட இருந்தது. கேள்வி மட்டும் இல்லை.

"நான் ஒண்ணுமே கேக்கலையே மிஸ்."

"சைக்கிளை எடுங்க. நானும் வர்றேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

"ஐயோ, நீங்களே பேசிடுங்களேன்!"

"அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகப் போறது யாரு?"

மறுபடியும் கேள்வி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மரத்தைவிட்டு இறங்கித் தாயின் சாரோங் கைலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கையில் இன்னொரு மாங்காய். ருக்மணி சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். மீன்காரனிடம் பேரம் பேசிப் பழகிய மலாயில் தம்பிராஜா மன்னிப்புக் கேட்டான். பிறகு, "நேத்து ஏன் தலையாட்டினீங்க?" என்றான்.

பொன்னம்மா அவனை மரியாதையாகத் 'துவான்' என்று அழைத்து மலாயில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எங்க வீட்டுல தமிழ் கேக்குறது பூசையிலதான், துவான். நீங்க பாட்டுக்கு ரொம்ப நேரம் ஓதினீங்க. கும்பிடாம இருந்தா நல்லா இருக்குமா?"

பெஞ்சிலிருந்து ஒரு செயற்கை இருமல் வந்தது.

தம்பிராஜா பொன்னம்மாவுக்கு நேரே திரும்பினான். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு அவன் இதற்குமுன் பயந்ததில்லை.

"பிள்ளையை விடுதிக்கு அனுப்ப உங்களுக்கு விருப்பமா?"

"இல்ல," என்றாள் பொன்னம்மா, அவன் கண்ணைப் பார்த்து. "இவளுக்குச் சோறு போட நான் இருக்கேன். பள்ளிக்கூடம் விட்டதுலேர்ந்து நான் வேலை முடிஞ்சு வீடு திரும்புற வரைக்கும் பாத்துக்கத்தான் ஆள் இல்ல. அதுக்கு வழி பண்ண முடிஞ்சா பண்ணுங்க, துவான். முடியலன்னா அதையும் சொல்லிடுங்க. அந்த வேன் மட்டும் இங்க வேணாம்."