ஒரு விரற்கடை குறைவாக

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எது காலியாக இருந்தாலும் நிரப்பிவிடுவார். தண்ணீர்க் குடம், உப்பு ஜாடி, பேனா, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் டயர் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிய மனுஷன், ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? தெருவில் அவருக்கு 'டேங்கர்' என்றுதான் பெயர்.

எனக்கு ஐம்பத்தாறு வயதில் இது முதல் தனிக் கண்காட்சி. எண்ணெய் வண்ணத்தில் பதினான்கு படங்கள். பதின்மூன்று தயார். பதினான்காவது, அரங்கத்தின் நடுச்சுவருக்கென்று வைத்திருந்தது, அவருடைய உருவம். கோட்டுப் போட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அழைப்பிதழில் 'என் வீட்டுக்காரர்' என்று தலைப்பே அச்சாகிவிட்டது. இனி என்ன செய்ய?

அதைவிடப் பெரிய தலைவலி, மூன்று வாரமாகியும் படம் காயவே இல்லை. தொட்டால் மூக்கு விரலோடு வந்தது. அரங்கத்தை நடத்துகிற அம்மாவோ படு கறார்.

"ஈரப் படத்தைச் சுவத்துல ஏத்த மாட்டேன். போன வருஷம் ஒருத்தர் சட்டை முதுகுல ஒரு சூரியோதயமே ஏறிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில தொட்டுப் பாப்பேன். காயலேன்னா நடுச்சுவர் காலிதான்" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மின்விசிறியைப் படத்தின் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் டீயோடு வந்தார்.

"இந்த ஆளிவிதை எண்ணெய்க்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று, வண்ணம் குழைக்கிற எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

"பாவம், அவனை ஏன் திட்டறே? அது அடியில கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. நான்தான் நிரப்பினேன்."

"எதை வெச்சு?"

"சமையல் எண்ணெய்தான். நல்லது, புதுசு. கலர்கூட அதே கலர்!" பெருமையாக வேறு சொன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும். சமையல் எண்ணெய் ஜென்மத்துக்கும் இறுகாது.

"டர்பன்டைன் நெடி ஏறி ஏறி எனக்குத்தான் மூக்கு செத்து, சமையல் எண்ணெய் வாசனைகூடத் தெரியாமப் போச்சு. உங்களுக்கு மூளை எங்கே போச்சு?" என்று கத்தினேன்.

கந்தலை வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் முக்கி, அவர் கண்ணெதிரிலேயே அந்த முகத்தை வழித்தெடுத்தேன். கோட்டும் போயிற்று, நாற்காலியும் போயிற்று. ஆத்திரத்தில் ஆரம்பித்த வேலைதான். ஆனால் பாதியிலேயே மனசு லேசாகிவிட்டது. அந்த முறைப்பு ஒழிந்ததே என்று உள்ளுக்குள் ஒரே குஷி. வெளியே காட்டிக்கொள்வேனா?

இவர் கடைக்குப் போய் அசல் ஆளிவிதை எண்ணெய் ஒரு டின் வாங்கிவந்தார். ஜன்னலோரம் நின்று, கழுவிய பாட்டிலில் புனலை வைத்து, எண்ணெயை ஊற்ற ஆரம்பித்தார். ஒரு சொட்டும் சிந்திவிடக்கூடாதென்று நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு. அடடா! இத்தனை வருஷமாக நான் பார்க்கிற முகம் இதுதானே! இதை விட்டுவிட்டுக் கோட்டும் நாற்காலியுமாக வரைந்தேனே, என்னை எதால் அடிப்பது?

"அப்படியே நில்லுங்க. அசைஞ்சீங்க, தெரியும் சேதி!"

"பாட்டில் நிரம்பிடுமேம்மா?"

"நிரம்பினா திருப்பி டின்ல ஊத்துங்க. மறுபடி ஆரம்பிங்க."

அன்று அந்தப் பாட்டில் எத்தனை முறை நிரம்பியதோ தெரியாது. சீக்கிரம் காயும் மண் நிறங்களாகப் பார்த்து எடுத்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே வரைந்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவரை மட்டும் எட்டிப் பார்க்க விடவில்லை.

"தண்டனைன்னு வெச்சுக்கோங்க" என்றேன்.

ஞாயிறு காலை அரங்கத்து அம்மா படத்தில் விரலை வைத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"ஏத்துங்க" என்றார்.

சாயங்காலம் நல்ல கூட்டம். நடுச்சுவர் முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் சட்டென்று திரும்பி, "அம்மா, அதோ அந்த மாமா!" என்று கத்தினாள். மூலையில் இவர், யாரும் கேட்காமலேயே, வந்தவர்களின் தம்ளர்களில் பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நாக்கு நுனி பல்லிடுக்கில். அரங்கமே சிரித்தது.

என்னவோ ஏதோவென்று நிமிர்ந்தவர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். ஜாடியை என் கையில் கொடுத்துவிட்டுக் கிட்டே போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. என் கண்ணும் கலங்கியதால் நான் ஜாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "எல்லாம் சரி. பாட்டில்ல ஒரு விரக்கடை குறையுதே?" என்றார்.

"நிரம்பிட்டா நீங்க நகர்ந்துடுவீங்க. அதான்."