நாற்பத்தேழாம் டோக்கனும் பின்லைட்டும்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தது. பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தால் எல்லாம் மங்கி, கருவாட்டுக் கண் மாதிரி ஆனது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூத்து, பகல் ஒன்றரை ஆகியும் ஓயவில்லை.

"மிதிங்கண்ணே" என்றாள் ராஜாத்தி.

"மிதிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன். நாலு மணி நேரமா மிதிக்கிறேன். ஏத்தம் மிதிச்சிருந்தா ஒரு மா நெலத்துக்குத் தண்ணி பாஞ்சிருக்கும்" என்றார் டிரைவர் ஐயாவு, சீட்டில் உட்கார்ந்தபடியே.

பிக்கப்பில் நாற்பது மூட்டை குறுவை நெல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொள்முதல் நிலையத்தில் அவளுக்கு இன்றைக்குத்தான் டோக்கன், நாற்பத்தேழாம் நம்பர். ஐந்து மணிக்கு எடை போடுவதை நிறுத்திவிடுவார்கள். நாளைக்கு என்றால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

நெல்லைக் காட்டிலும் அவளுக்கு அந்த ரசீதுதான் முக்கியம். மடத்து நிலம் மூன்று ஏக்கர், மாமனார் காலத்துக் குத்தகை. புருஷன் பக்கிரி குவைத்துக்குப் போனதிலிருந்து அடுத்த வயல்காரர் பஞ்சநதம் அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்தார். 'ஆளே ஊர்ல இல்ல, சாகுபடி யாரு பண்றா?' என்று குத்தகையைத் தன் பேருக்குக் கேட்டு மனுக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. 'இந்தப் போகம் உங்க பேருல நெல்லு போட்ட ரசீது இருந்தா கொண்டாங்கம்மா' என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான், நேற்று களத்தில் ரிவர்ஸ் எடுக்கையில் அறுப்பு மெஷினில் இடித்துப் பின்லைட் இரண்டும் நொறுங்கின. சாயங்காலமே ரயில் கேட்டில் சப்-இன்ஸ்பெக்டர் மடக்கினார். 'லைட்டு இல்லாம இன்னொரு தடவ கண்ணுல பட்டுச்சு, வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும்.' அறுப்பு நாளில் வேறு வண்டி சாமானியத்தில் கிடைக்காது. காலையில் இரண்டு பக்கத்துக்கும் புது லைட் வாங்கிக்கொண்டு நேராக அமிர்தலிங்கத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டாள்.

அமிர்தலிங்கம் பக்கிரியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கெட்டிக்காரர்தான். ஆனால் தப்பு தன் பக்கம் என்று ஒப்புக்கொண்ட சரித்திரம் இல்லை. இதுவரை ஃபியூஸ் மாற்றினார், ஃபிளாஷர் மாற்றினார், பச்சை ஒயரை மஞ்சளில் கொடுத்தார், மஞ்சளைச் சிவப்பில் கொடுத்தார், திரும்பப் பழையபடியே கொடுத்தார்.

"லைட்டுதாம்மா டூப்ளிகேட்டு."

"ரெண்டுமாண்ணே டூப்ளிகேட்டு? ரெண்டும் ஒரே மாதிரியா கெட்டுப்போவும்?"

அதற்குள் போனில் பக்கிரி வீடியோவில் வந்துவிட்டான். தலையில் ஹெல்மெட், பின்னால் ஒரே வெயில்.

"ஏ புள்ள, போன பின்னாடி காட்டு. லைட்டுக்கிட்ட காட்டு. நீ என்ன ஒன் மூஞ்சியவே காட்டுற!"

"என் மூஞ்சியப் பாக்க ஒங்களுக்குக் கசக்குதா? இந்தாங்க, நல்லாப் பாருங்க."

"டேய் லிங்கம், ஒயர மாத்திக் குடுத்துருக்கடா. நான் ஓட்டுறப்ப ஒரு நாள் லைட்டுப் பிரச்சனை வந்துருக்கா?"

"மாப்ள, அங்கேருந்து வைத்தியம் பாக்காத. கரண்டு கரெக்டா வருது, இதப் பாரு." அமிர்தலிங்கம் டெஸ்டர் பல்பின் முனையை லைட்டுக்குப் போகும் ஒயரில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "ஒயர்ல கோளாறு இல்ல. சத்தியமா லைட்டுதான்."

"ஒயரத்தான் மாத்திருக்க!"

"நீ வந்து பண்ணேன்டா!"

ராஜாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் கடல் தாண்டி இருந்துகொண்டு கத்துகிறான், இன்னொருத்தர் காலடியில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறார். போனைப் பக்கத்திலிருந்த டயர் மேல் சாத்திவைத்தாள். பக்கிரிக்கு இப்போது வானம்தான் தெரிந்திருக்கும். கத்தல் நிற்கவில்லை.

அவள் குனிந்து, அந்த டெஸ்டரிலிருந்து போன இன்னொரு ஒயரைப் பார்த்தாள். அது வண்டிக்கு அடியில் நீண்டு, சேஸிஸில் துருப்பிடித்த ஓர் இடத்தைக் கிளிப்பால் கவ்விக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"அது எர்த்தும்மா. இது இல்லாட்டி பல்பு எரியாது."

"அப்ப இந்த லைட்டுக்கு எர்த்து எங்க?"

"அதுக்குத் தனி ஒயரு கெடையாது. லைட்ட மாட்டுற போல்ட்டு இருக்குல்ல, அது வழியா பாடிக்குப் போயிரும்."

ராஜாத்தி வயலில் பம்புசெட் ஓட்டுகிறவள். மோட்டார் மக்கர் பண்ணினால் முதலில் எர்த்துக் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பாள். போல்ட்டை முறைத்துப் பார்த்தாள். அது தகட்டில் உட்காரவில்லை. கரண்டு போக வழியில்லாமல் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

போன லீவில் பக்கிரி அடித்த பெயிண்ட். கட்சி ஜெயித்த சந்தோஷத்தில் வண்டியின் பின்பக்கம் முழுக்க மேலே கறுப்பு, கீழே சிவப்பு, இரண்டு பூச்சு. பழைய லைட்டைக் கழற்றாமலே சுற்றி அடித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கழற்றி, ஓட்டை வரைக்கும் வழிய வழிய அடித்துவிட்டு, பழைய போல்ட்டை முடுக்கியதில் அது பெயிண்டைக் கிழித்துக்கொண்டு எப்படியோ தகட்டைப் பிடித்திருந்தது. புது லைட்டுக்கு ரப்பர் வாஷர் வேறு. அது எங்கே கிழிக்கும்?

வண்டிக்குள் கிடந்த கதிர் அரிவாளை எடுத்து வந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"போல்ட்ட கழட்டுங்கண்ணே."

சரக் சரக்கென்று சுரண்டினாள். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் தகடு பளபளத்தது. போனுக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

"ஏ, என்னத்தச் சொரண்டுற? ராஜாத்தி! போன எடுடி!"

அமிர்தலிங்கம் வாஷரை எடுத்துவிட்டு லைட்டை மாட்டி முடுக்கினார். "ஐயாவு, மிதி."

பிரேக் லைட் மட்டும் எரிந்தது, செக்கச்செவேலென்று. இண்டிகேட்டர் தன் வேலையை மட்டும் பார்த்தது. அடுத்த பக்கத்தையும் சுரண்டினார்கள். அதுவும் சரியானது.

அமிர்தலிங்கம் எதிர்க்கட்சிக்காரர். நாலு மணி நேரம் பட்ட அவமானத்தை அவ்வளவு சீக்கிரம் விடுவாரா? போனை எடுத்து, சுரண்டிய இடத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு மாப்ள. கறுப்பு, சிவப்பு, நடுவுல வெள்ளை. எங்க கொடி வந்தப்புறந்தான் கரண்டே பாயுது."

"டேய், அழிடா அத! ராஜாத்தி, அது மேல பெயிண்ட் அடிச்சுட்டு வண்டிய எடு!"

"அடிச்ச வரைக்கும் போதும், வைங்க போன" என்று கட் பண்ணினாள்.

மணி மூன்றே கால். அவசரத்துக்கென்றே ரயில் கேட் சாத்திக் கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் போய் நின்றார். "பிரேக்க மிதிய்யா."

"மிதிக்கிறதுக்குத்தாங்கய்யா நான் பொறந்ததே" என்று ஐயாவு முணுமுணுத்தார். மிதித்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து லைட்டைப் பார்த்தார். பிறகு, "அது என்ன நடுவுல வெள்ளையா? கட்சி மாறிட்டீங்களா?" என்றார்.

"அது எர்த்துங்கய்யா" என்றாள் ராஜாத்தி.

கேட் திறந்தது.

நாலே முக்காலுக்கு நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். கடைசி மூட்டை தராசில் ஏறும்போது தூறல் விழுந்தது. ரசீது எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்: "பேரு? பக்கிரியா?"

"ராஜாத்தி. நல்லா எழுத்துக் கூட்டி எழுதுங்க" என்றாள்.