கடைசி வரியில் கதவு திறக்கும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றவுணர்விலிருந்து. முதல் வரைவில் பக்தியிலிருந்து வந்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘தெற்கு மெக்சிகோவின் அந்தச் சிற்றூரில், அந்தப் புனித மாலையில்…’ (வேண்டாம். வாழ்த்து அட்டை வாடை அடிக்கிறது.)

இரண்டாம் முயற்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது மாலைகளும் எங்கள் தெருவில் மாதா, சூசையப்பர் சுரூபங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவோம். நாளுக்கொரு வீடு. வெளியே நிற்பவர்கள், பிரசவ நேரத்தில் இடம் தேடி அலைந்த மாதாவுக்காகத் தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் விரட்டிப் பாடுவோம். கடைசி வரியில் கதவு திறக்கும். அப்புறம் தமாலே என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை, சூடான பழச்சாறு.

நேற்று ஒப்துலியா அம்மாள் வீடு. நான் உள்ளே, விரட்டுகிற கோஷ்டியில். எனக்குக் கட்டைக்குரல், விரட்ட அதுதான் தோது.

3

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஊர்வலம் வரவேண்டியது ஆறரைக்கு. யாருக்கும் அது உறைக்கவில்லை. தட்டினால் பாடவேண்டும், பாடினோம்: இடமில்லை, போ.

வெளியே ஒற்றைப் பெண்குரல் பதில் வரியைப் பாடியது.

“யாருப்பா அது? இந்த வருஷம் இவ்வளவு நல்லாப் பாடுறாங்க!” என்றார் ஒப்துலியா அம்மாள்.

“மூச்சு வாங்குது கேட்டீங்களா? நெசமாவே நடந்து வந்த மாதிரி. நடிப்புன்னா இது நடிப்பு!”

(இதைச் சொன்னது நான். முந்தைய வரைவில் வேறொருவர் வாயில் போட்டிருந்தேன்.)

பாட்டு முடிந்தது. திறந்தோம். நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். பக்கத்தில் செருப்பறுந்த புருஷன். தெற்கே ஒண்டுராஸ் நாட்டிலிருந்து நடந்து வருகிறார்களாம். அவள் பெயர் மார்லெனி.

“இந்தப் பாட்டு எங்க ஊர்லயும் உண்டுங்க. முழுசாப் பாடினா தொறப்பீங்கன்னு…”

ஒப்துலியா அம்மாள் அவள் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் வழி விடும்மா. மாதா வர்ற நேரம்.”

4

ஒப்துலியா அம்மாளை அரக்கியாக்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர்; பை நிறைய தமாலே கட்டிக் கொடுத்தார். “கோயில் படிக்கட்டுல காத்து அடிக்காது. போ தாயி.”

நாங்கள் கதவைச் சாத்தினோம். சற்று நேரத்தில் ஊர்வலம் வந்தது. மறுபடி விரட்டிப் பாடி, மறுபடி திறந்து, துவைத்த போர்வை விரித்த கட்டிலில் சுரூபங்களை வைத்தோம்.*

* குளிருமே என்று சால்வை போர்த்தியது நான். பிளாஸ்டர் மாதாவுக்கு.

5

முடிவு ஒன்று: கோயில் மணி தானாக ஒலிக்க, மார்லெனிக்கு ஆண் குழந்தை… (எனக்கு வெட்கமே கிடையாதா?)

முடிவு இரண்டு: நான் ஓடிப்போய் அவளை… (ஓடவில்லை. தமாலே ஆறிவிடுமே.)

இன்று காலை அவர்கள் படிக்கட்டில்தான் இருந்தார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நினைத்தால் கூசுகிறது.

இன்று என் வீட்டு முறை. இதை எழுதும் அறையில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. அதன்மேல் இந்தக் கதையின் வரைவுகள். உள்ளே பாட ஆள் குறைகிறது என்றுதான் இதைப் படிக்கிற உங்களை வரச்சொன்னேன்.

மணி ஆறு. கதவு தட்டப்படுகிறது. ஒற்றைக்குரல், முதல் வரி.

அடுத்த வரி விரட்டுகிற வரி. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்.