மஞ்சள் விளிம்பு

"அத்தை, கொட்டிடாதீங்க!"

சந்திரகலா தோட்டத்துக்கு ஓடினாள். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க, அரிக்கேன் விளக்கின் கீழிருந்த பேசினைச் சாய்த்துக்கொண்டிருந்தாள் சரசு அத்தை.

"ஏண்டி, அண்ணன அங்க கெடத்திட்டு இங்க பூச்சி பாக்கப் போறியா?"

ஆமாம், பார்க்கத்தான் போகிறாள். கோடையின் முதல் பெருமழை விட்டதும், வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்க, நேற்று மாலை அப்பா சக்கரபாணி தன் கையால் ஏற்றிய விளக்கு அது. விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மண்ணெண்ணெய்த் தண்ணீரில் என்ன விழுந்தது என்று பார்க்க மனுஷனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன வருஷம் தப்பாகச் சொல்லிவிட்டார். ஏதோ ஒரு அப்பாவிப் பூச்சியைப் பார்த்து, கம்பளிப்பூச்சிக்கு முட்டையிடும் தாய் அந்துப்பூச்சி வந்துவிட்டது என்று, அது விழுந்து சாக ஊரையே வரப்பில் நெருப்பு மூட்டவைத்தார். வேங்கிக்கால் ஊரே சிரித்தது. பிறகு நிஜமான தாய் வந்தபோது அவர் கத்தியும் ஒருவர் அசையவில்லை. வேர்க்கடலைச் செடியில் காம்புதான் மிஞ்சியது.

சந்திரகலா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புறங்கையில் வைத்தாள். வண்டு, ஈசல், பச்சை விட்டில். பிறகு ஒரு பழுப்பு இறக்கை. போன வருஷத்துப் பூச்சியும் பழுப்புதான். ஊதி விரித்தாள். முன்விளிம்பில், நிஜத் தாய்க்கு உண்டு என்று அப்பா பிறகு காட்டிய மஞ்சள் கோடு, பின்னிறக்கை வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். பேசினில் அதே போல் இன்னும் நிறைய மிதந்தன. அப்பாவிடம் காட்ட எழுந்தவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வாசல் பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. போன வருஷம் எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர் அத்தையின் புருஷன் ஆதிமூலம். அவர் முன்னால்தான் கையை நீட்டினாள்.

"மாமா, தாய் வந்துட்டுது. முட்ட வெக்கறதுக்குள்ள இன்னிக்கே எல்லாரும் சேந்து வரப்புல நெருப்பு கொளுத்தணும்."

"சாவு வீட்ல என்னம்மா இது? எடுத்து முடிச்சிட்டுப் பேசலாம்."

"எடுத்துட்டா ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. இந்த மஞ்சளப் பாருங்க மாமா. போன வருஷம் அப்பா காட்டுன பூச்சியில இது இல்ல."

ஆதிமூலம் பூச்சியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான் இருந்திருந்தா என்னை ஒரு வழி பண்ணியிருப்பாரு," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "குளிச்சிட்டு வூட்டுல படுத்துடாதீங்கப்பா. கடலக் கொல்லைக்குப் போங்க."

அப்பாவை எடுத்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தீட்டு வீட்டார் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்பதால் சந்திரகலா வேலியோடு நின்றாள். ஏரிக்கரைப் பக்கம் ஒரு நெருப்பு தெரிந்தது. அப்புறம் ஒன்று, அதற்கப்பால் இரண்டு. நடுவில் அவர்கள் கடலைக் கொல்லை மட்டும் இருட்டாகக் கிடந்தது.

யாரோ ஒருவர் வைக்கோல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வரப்பேறி அந்தக் கொல்லைக்குள் இறங்கினார்.